சீட்டோடு அனுப்பாதீர்கள், ஆளோடு அனுப்புங்கள்

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் குழந்தைகளோடும் அவர்கள் குடும்பங்களோடும் களப்பணி செய்கிறவள் நான். பெரும்பாலும் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் (தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வேலைக்குப் போகும் குடும்பங்கள். பிள்ளையின் மனசிலோ நடத்தையிலோ ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் யாரிடம் போவது, யாரை யாரோடு சேர்ப்பது, சேர்த்தது கலையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை இங்கே எழுதுகிறேன். இதைச் செய்ய மனநல மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாய் செய்யலாம், ஓய்வுபெற்ற ஆசிரியர் செய்யலாம், சுயஉதவிக் குழுத் தலைவி செய்யலாம். பொறுமையும் ஒரு நோட்டும் போதும். கொஞ்சம் பஸ் செலவும் ஆகும்.

நம் பக்கம் எந்த வசதியும் இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டோம். பட்டியல் போட்டுப் பார்த்தால் நீளமாகத்தான் இருக்கிறது. குடும்பங்கள் தொலைந்துபோவது ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும் வழியில். பள்ளியில் ஒரு சீட்டு எழுதி, "பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று கொடுப்பார்கள். அந்தச் சீட்டு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகப்படும். அத்தோடு சரி. அம்மாவுக்கு அக்கறை இல்லை என்று பள்ளியில் பேசுவார்கள். அந்த அம்மாவுக்குப் பீஸ் ரேட் வேலை, செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி, ஒரு நாள் போகாவிட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். ஆஸ்பத்திரியில் எந்த வரிசை, எந்தக் கிழமை டாக்டர் வருவார், என்ன கேட்பார்கள் என்று தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைக்குப் "பைத்தியம்" என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம்.

அதனால் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதைத்தான்: ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள். அந்த ஆள் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டாம். அடுத்து எங்கே போக வேண்டும், போன இடத்தில் என்ன சொன்னார்கள், மறுபடி எப்போது போக வேண்டும் என்ற மூன்றையும் கையில் வைத்திருந்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஆளுக்கான வேலைகள்தான்.

முதலில் ஊரை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கங்களில் அலுவலகப் பேர் எழுதாதீர்கள், ஆட்களின் பேரை எழுதுங்கள். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், தலைமையாசிரியர், வட்டார வள மையத்திலிருந்து பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியர் ஆகிய நாலு பேரும் அநேகமாக உங்களுக்குத் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். அவர்களுக்கு மேலே இருப்பதுதான் எழுத்துகளின் காடு: டி.எம்.எச்.பி., டி.இ.ஐ.சி., டி.சி.பி.யு., சி.டபிள்யூ.சி. பயந்துவிடாதீர்கள், ஒவ்வொன்றும் ஒரு வேலைதான்.

டி.எம்.எச்.பி. என்பது மாவட்ட மனநலத் திட்டம். அதன் மனநல மருத்துவர் குறித்த நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வருவார். எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை என்று புறநோயாளி சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டு எழுதுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி கேளுங்கள், ஏனென்றால் அந்த நாள் மாறும். டி.இ.ஐ.சி. என்பது மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம். பேச்சு வராத, நடை வராத, கண்ணைப் பார்த்துப் பேசாத சின்னப் பிள்ளைகளை அங்கேதான் முதலில் காட்ட வேண்டும். 2013-ல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் அதில் சேர்த்தி. குழு வரும் தேதியை அங்கன்வாடியில் முன்கூட்டியே கேட்டுவைத்து, உங்கள் சந்தேகம் எந்தப் பிள்ளைமேல் இருக்கிறதோ அந்தப் பிள்ளையை அன்றைக்கு வரச் செய்யுங்கள். சந்தேகத்துக்குரிய பிள்ளை அன்றைக்குத்தான் லீவு போட்டிருக்கும், எப்போதும் அப்படித்தான்.

டி.சி.பி.யு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. சி.டபிள்யூ.சி. குழந்தைகள் நலக் குழு. ஆதரவில்லாத, ஆபத்தில் இருக்கும் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று சட்டப்படி முடிவெடுப்பது சி.டபிள்யூ.சி.தான். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசிப் பக்கத்தில் எண்கள்: 14416 மனநல உதவி, 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். 1098 குழந்தைகளுக்கு. 181 பெண்களுக்கு. 104 மருத்துவ ஆலோசனைக்கு. 14417 பள்ளிக் கல்வித் துறையின் எண். 108 உங்களுக்கே தெரியும். ஒருமுறை நீங்களே 14416-க்கு அழைத்துப் பேசிப் பாருங்கள். பேசிப் பார்த்த எண்ணைத்தான் அடுத்தவருக்கு நம்பிக்கையாகக் கொடுக்க முடியும்.

வட்டம் சின்னதாக இருக்கட்டும்

கூட்டம் போடுவது என்றால் நம் ஊரில் பேனர் அடித்துவிடுவார்கள். வேண்டாம். இந்தக் குடும்பங்களைச் சேர்ந்து பார்த்துக்கொள்ள ஐந்து ஆறு பேர் கொண்ட ஒரு சின்ன வட்டம் போதும். பள்ளியிலிருந்து ஒருவர், சுகாதாரத் துறையிலிருந்து செவிலியர், அங்கன்வாடி, சுயஉதவிக் குழுவில் பெண்கள் மனசு விட்டுப் பேசும் ஒருவர், அப்புறம் நீங்கள். ஆலைத் தரப்பில் ஒரு போர்மேனையோ கணக்குப்பிள்ளையையோ தெரிந்துவைத்திருப்பது பெரிய உதவி. அவரைக் கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள், எந்தக் குடும்பத்தின் கதையையும் சொல்லாதீர்கள். "அண்ணாச்சி, இந்த அக்காவுக்கு மாசத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரி போக வேண்டியிருக்கு, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை முக்கால் மணி நேரம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கேட்க வேண்டியது: போன மாதம் என்ன செய்வதாகச் சொன்னோம், நடந்ததா, அடுத்து யார், எந்தத் தேதிக்குள். அந்த வீட்டில் என்ன சண்டை, யார் யாரோடு பேசுவதில்லை என்று பேச்சு திரும்பினால் உடனே நிறுத்துங்கள். நோட்டில் பிள்ளையின் பெயருக்குப் பதிலாக எண் போடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த தாள் வேறிடத்தில் இருக்கட்டும். இந்த வேலைக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கவே கூடாது. ஒரு புகைப்படம் தவறான குரூப்பில் விழுந்தால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நின்றுபோகும்.

பார்த்ததை எழுதுங்கள், பேர் வைக்காதீர்கள்

"சேட்டை", "மந்தம்", "திமிர்", "படிப்பு ஏறல" என்று பள்ளியில் சொல்வார்கள். வீட்டில் "காத்து கருப்பு அடிச்சிருக்கு" என்பார்கள். இரண்டுமே டாக்டருக்குப் பயன்படாது. என்ன நடக்கிறது, எப்போது, எத்தனை முறை, எப்போதிலிருந்து என்று எழுதுங்கள். "அடம் பிடிக்கிறான்" என்று எழுதினால் ஒன்றும் புரியாது. "ஜூன் கடைசியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. வரும் நாளில் முதல் பீரியடில் வயிற்று வலி என்கிறான். மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிடுகிறான். விளையாட்டு பீரியடில் சுவரோரம் நிற்கிறான்" என்று எழுதினால் பத்து நிமிஷம் மட்டுமே நேரம் இருக்கும் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

படுக்கையில் சிறுநீர் போவது நின்றுபோயிருந்து மறுபடி தொடங்குவது, திங்கட்கிழமை மட்டும் வரும் தலைவலி, முழுக்கைச் சட்டையின் கையை வெயிலிலும் இறக்கியே விட்டிருப்பது, நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை வாயே திறக்காமல் போவது, இவையெல்லாம் பார்த்ததும் நோட்டில் ஏற வேண்டியவை. ரொம்பச் சமத்தாக, எதையும் கேட்காமல், தம்பி தங்கையைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்துக்கொண்டு ஒரு பத்து வயதுப் பிள்ளை இருந்தால் அதையும் எழுதுங்கள். அம்மா அப்பா இருவரும் விடிகாலை கம்பெனி வேனில் ஏறிவிடும் வீடுகளில் இப்படிப் பிள்ளைகள் நிறைய. யாரும் புகார் சொல்லாததால் யார் கண்ணிலும் படுவதில்லை.

மனசுக்குப் போகும் முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். சொன்னதைக் கேட்கவில்லை என்று அடி வாங்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் இருக்கலாம். வகுப்பில் "பேய் பிடித்த மாதிரி" சில நொடிகள் வெறித்துப் பார்க்கும் பிள்ளைக்கு அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். மாத்திரையில் கட்டுப்படக்கூடியது. கண், காது, ரத்தசோகை, தூக்கம் இந்த நாலையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்டுவிடலாம்.

வீட்டில் பேசும்போது

வேலை நாளில் சாயங்காலம் போனால் அம்மா அடுப்படியில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை காலை, துணி துவைத்து முடிந்த நேரம் நல்லது. தெருவில் நின்று பேசாதீர்கள். பிள்ளையை எதிரில் வைத்துக்கொண்டு அதன் குறையைச் சொல்லாதீர்கள். முதல் சந்திப்பில் மனநோய், டாக்டர், மாத்திரை எந்தப் பேச்சும் வேண்டாம். "மதினி, தம்பி ராத்திரி நல்லாத் தூங்குறானா? சாப்பாடு எப்படி?" என்று தொடங்கினால் அவர்களே மீதியைச் சொல்லிவிடுவார்கள். வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

அப்பாவை விட்டுவிட்டு அம்மாவோடு மட்டும் பேசி முடிப்பது நம் எல்லோருக்கும் சுலபம். ஆனால் மாத்திரையைக் குப்பையில் போடுவதும் "என் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல" என்று நிறுத்துவதும் பெரும்பாலும் கலந்துபேசப்படாத ஆள்தான். குடிக்கிறவர் என்றாலும் தெளிவாக இருக்கும் காலை நேரம் பார்த்து, "அண்ணே, நீங்க இல்லாம இது ஆகாது" என்று சொல்லுங்கள். பாட்டி வளர்க்கும் பிள்ளை என்றால் பாட்டிதான் முதல் ஆள்.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறோம், ஆடி முடியட்டும் என்பார்கள். ஆத்தாளோடு போட்டிக்குப் போகாதீர்கள். "நேர்த்திக்கடனைச் செய்ங்க மதினி, அதோட வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கும் ஒருதரம் போயிட்டு வந்துருவோம்" என்று சேர்த்தே சொல்லுங்கள். பல குடும்பங்களுக்கு இது நிம்மதி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது: கட்டிப்போடுவது, அடித்து விரட்டுவது, பட்டினி போடுவது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் இறந்தார்கள். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இதைக் கோபப்படாமல், ஆனால் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள்.

பள்ளியில் எவ்வளவு சொல்வது என்பதை அன்றைக்கே குடும்பத்திடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆசிரியருக்குத் தெரிய வேண்டியது பிள்ளையை முன்பெஞ்சில் உட்கார வைப்பது, எல்லோர் முன்னும் கேள்வி கேட்காமல் இருப்பது, மாத்திரையால் காலையில் சோர்வு இருக்கும் என்பது. அப்பா மேல் இருக்கும் வழக்கோ, அம்மாவின் கடனோ அவருக்குத் தேவையில்லை.

ஆஸ்பத்திரி நாள்

கூடப் போங்கள். முதல் தடவையாவது போங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று குடும்பங்களைச் சேர்த்து அழைத்துப் போனால் உங்களுக்கும் மிச்சம், அவர்களுக்கும் தைரியம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்பதால் அதன் நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை, ஆதார், நீங்கள் எழுதிய குறிப்பு, பிள்ளைக்குத் தின்ன ஏதாவது, விளையாட ஏதாவது. வீட்டில் இருக்கும் கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள் என்று முந்தின நாளே பேசிவிடுங்கள். பாதிப் பேர் வராமல் போவதற்கு அதுதான் காரணம்.

உள்ளே போனதும் அம்மாவைப் பேசவிடுங்கள். விட்டுப்போனதை மட்டும் எடுத்துக்கொடுங்கள். வெளியே வந்ததும், பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலேயே உட்கார்ந்து, மாத்திரை எப்போது, எத்தனை நாள், என்ன தொந்தரவு வந்தால் திரும்ப வர வேண்டும் என்று அம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். "நல்லாயிட்டான்" என்று தானாக நிறுத்தக் கூடாது, வலிப்பு மாத்திரை என்றால் கட்டாயமாகக் கூடாது. அடுத்த மாதம் மாத்திரை வாங்கப் போவது யார் என்று அங்கேயே முடிவாகட்டும்.

தாலுகா ஆஸ்பத்திரியில் ஆகாதது விருதுநகர் மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ போகும். பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்றால் வீட்டார் நடுங்கிவிடுவார்கள். 18 வயதுக்குக் கீழ் இருப்பவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, பெற்றோரோ அவர்கள் சார்பில் ஒருவரோ முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது என்பதைச் சொல்லுங்கள். "தனியா விட்டுட்டு வரணுமோ" என்பதுதான் முக்கால்வாசிப் பயம்.

நம் வட்டாரத்தில் காலண்டரும் முக்கியம். தீபாவளிக்கு முந்தின இரண்டு மூன்று மாதம் யாரையும் எங்கேயும் கூப்பிட முடியாது. தீபாவளி முடிந்து ஆலை மூடியிருக்கும் வாரங்களில்தான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, நீண்ட பரிசோதனை, மதுரைப் பயணம் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். வெயில் இல்லாமல் வேலை நிற்கும் மழை நாட்களும் அப்படித்தான். உங்கள் ஊரில் அது நெல் அறுப்பாக இருக்கலாம், மீன்பிடித் தடைக்காலமாக இருக்கலாம். குடும்பத்தின் வேலை எப்போது ஓய்கிறது என்று தெரியாமல் போட்ட திட்டம் எதுவும் நடக்காது.

விபத்து நடந்த வீடு

இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் போனார்கள். பேப்பரில் ஒரு மூலையில் வந்து மறைந்துபோகும் சின்ன விபத்துகள் தனி. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதல் சில நாட்கள் கவுன்சலிங் என்று யாரையும் அழைத்து வராதீர்கள். பிள்ளைக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருப்பது, நேரத்துக்குச் சாப்பாடு, தூங்க ஒரு அமைதியான வீடு, அவ்வளவுதான் வேண்டும். அம்மா இறந்துவிட்டார் என்பதை "ஊருக்குப் போயிருக்காங்க" என்று மறைக்காதீர்கள். பிள்ளை காத்திருக்கும். நெருங்கின ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு, இறந்துட்டாங்க, இனி வர மாட்டாங்க, உன்னை நாங்க பாத்துக்கிறோம் என்று நேராகச் சொல்வதுதான் நல்லது. அது மறுபடி மறுபடி கேட்கும். அதே பதிலை மறுபடி மறுபடி சொல்ல வேண்டும். காலையில் அம்மாவோடு சண்டை போட்டேன், அதனால்தான் இப்படி ஆச்சு என்று ஏழு எட்டு வயதுப் பிள்ளைகள் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கும். கேட்காமல் வெளியே வராது.

கேமராக்காரர்களும் கட்சிக்காரர்களும் வருவார்கள். காசோலையைப் பிள்ளை கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். ஒருவர் குறுக்கே நின்று பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும். வட்டத்தில் அந்த வேலையை யார் செய்வது என்று முன்பே பேசிவைத்திருந்தால் நல்லது, அன்றைக்கு யாருக்கும் தலை ஓடாது.

பள்ளிக்கு இரண்டு வாரத்துக்குள் திரும்பினால் நல்லது. முந்தின நாளே வகுப்பாசிரியர் மற்ற பிள்ளைகளிடம் பேசிவிட வேண்டும். சத்தத்துக்குப் பயம் இங்கே பெரிய விஷயம், ஏனென்றால் சோதனை வெடி எங்காவது போட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். ஒரு மாதம் கழிந்தும் தூக்கத்தில் அலறுவது, தீயைப் பார்த்தால் உறைந்துபோவது, சாப்பிடாமல் மெலிவது தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். முதல் தீபாவளியும் முதல் வருஷத் திதியும் கடினமான நாட்கள், அந்த வாரம் போய்ப் பாருங்கள்.

பணம் பேசுவது அசிங்கம் என்று நினைக்காதீர்கள். நிவாரணத் தொகை யார் பெயரில் வருகிறது, அத்தை வீட்டில் வளரும் பிள்ளைக்கு அது சேருமா என்பதில்தான் பல குடும்பங்கள் உடைகின்றன. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. 2025-ல் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை பள்ளிப் படிப்புக்கு. எது யாருக்குப் பொருந்தும் என்பதை டி.சி.பி.யு.வில் கேளுங்கள். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.

இரண்டு இடங்களில் தாமதிக்கவே கூடாது

முதலாவது, பிள்ளையிடம் யாரோ பாலியல் ரீதியாகத் தவறாக நடந்திருக்கிறார்கள் என்று தெரியவரும்போது. 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்த யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. "ஊர்ல பேசி முடிச்சுக்கலாம்" என்று யார் வந்தாலும், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், உங்கள் வாயிலிருந்து சரி என்ற சொல் வரக் கூடாது. 1098-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. "நீ சொன்னது நல்லதாப் போச்சு, உன் மேல தப்பு இல்ல, உதவி செய்ற ஆட்கள்கிட்ட மட்டும் சொல்லப்போறேன்" என்று சொல்லுங்கள். வாக்குமூலத்தைப் பிள்ளை வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ வாங்கலாம், வருகிற அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, ராத்திரி ஸ்டேஷனில் உட்கார வைக்கக் கூடாது. இவை குடும்பத்தின் உரிமைகள். நீங்கள் தெரிந்துவைத்துச் சொல்ல வேண்டும். வழக்கு முடியும் வரை கூட இருக்க ஒரு உதவியாளரை சி.டபிள்யூ.சி. மூலம் கேட்கலாம்.

இரண்டாவது, செத்துப்போகலாம் என்று பிள்ளை பேசும்போது. நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுரலாம்னு நினைக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, எலி மருந்து, தாத்தாவின் மாத்திரை டப்பா எல்லாம் அன்றைக்கே பூட்டுக்குள் போக வேண்டும், சாவி வேறு வீட்டில் இருக்கட்டும். 14416-க்கு அங்கிருந்தே அழையுங்கள், மறுநாளே மருத்துவரிடம் போங்கள். எதையாவது சாப்பிட்டிருந்தால் கைவைத்தியம் வேண்டாம், 108-தான். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து என்ன சாப்பிட்டான் என்பதை மறைப்பார்கள். ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் போகும், அது நடைமுறை. ஆனால் உயிரை விடத் துணிந்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வரும் நாளில் யார் எந்தத் தெருவுக்குப் போவது என்று வட்டத்தில் முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். மார்க் குறைந்த பிள்ளைகள் மட்டுமல்ல, நல்ல மார்க் வரும் என்று ஊரே எதிர்பார்த்த பிள்ளைகள் வீட்டுக்கும் போங்கள்.

படிப்பு, அட்டை, இழுத்தடிப்பு

எழுத்து கூட்டத் தெரியாத எட்டாம் வகுப்புப் பிள்ளை எல்லாமே சோம்பேறி இல்லை. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை மாற்றுத்திறன்களில் அடங்கும். சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஒரு ஆளும் கேட்கலாம். இதற்கு ஒன்பதாம் வகுப்பிலேயே அலையத் தொடங்க வேண்டும். பத்தாவது பரீட்சைக்கு முந்தின மாதம் வந்து நிற்கும் பெற்றோரிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

அலுவலகத்தில் பதில் வராவிட்டால் சண்டை போடாதீர்கள், மனு எழுதுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், ரசீது கொடுப்பார்கள். ரசீது எண்ணோடு அடுத்த வாரம் அதே அலுவலகத்துக்குப் போனால் உட்கார நாற்காலி கிடைக்கும். நான் பார்த்த வரையில் இதைவிட வேகமான வழி இல்லை.

அம்மாக்களுக்கென்று ஒரு ஞாயிறு, ஒன்றரை மணி நேரம், மரத்தடியோ சத்துணவுக் கூடமோ போதும். அறிவுரைக் கூட்டமாக ஆக்கிவிடாதீர்கள். பிள்ளைக்காக வரும் அம்மாக்களில் தூங்காதவர்கள், அழுதுகொண்டே சமைப்பவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் அதே ஆஸ்பத்திரி நாளில் சீட்டு எடுத்துவிடலாம்.

ஒரு குடும்பத்தை எப்போது விடுவது

பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறது, மாத்திரையோ பயிற்சியோ வீட்டாரே பார்த்துக்கொள்கிறார்கள், அடுத்த தேதி உங்களைக் கேட்காமலே அவர்களுக்குத் தெரிகிறது என்றால் விட்டுவிடலாம். சொல்லிக்கொண்டு விடுங்கள், திடீரென்று வராமல் போகாதீர்கள். மூன்று மாதம் கழித்து ஒரு போன் போட்டால் போதும்.

நோட்டின் கடைசி வேலை இடமாறுதல். ஜூனில் தலைமையாசிரியர் மாறுவார், செவிலியர் மாறுவார், டாக்டரும் மாறுவார். பழையவர் போகும் முன் புதியவருக்குப் போன் போட வைத்து உங்களை அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். புதியவர் வந்த முதல் வாரத்திலேயே நேரில் போங்கள். கையில் நோட்டு, முதல் பக்கத்தில் அவர் பேர் எழுத ஒரு காலி வரி.